மணமேடை வைத்த மகளிர் விடுதி

"கட்டடம் நல்லாத்தான் இருந்துச்சு. காட்டின பொண்ணு மூஞ்சியைப் பார்த்தாதான், உள்ளே ஏதோ நடந்துபோச்சோன்னு பயமா இருந்துச்சு."

ஒருநாள் காலை பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறியபோது, பெண்கள் பெட்டியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது இது. முந்தின நாள்தான் அவருக்கு நான் எங்கள் ஹாஸ்டலைச் சுற்றிக் காட்டியிருந்தேன். மூஞ்சி என்னுடையது. தாம்பரம் வரும் வரை அதை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டேன்.

அறை காட்டுவது லேசான தொழில் என்று நினைப்பவர்கள் அதைச் செய்யாதவர்கள். புடவைக் கடையில் புடவையே பாதி வேலையைச் செய்துவிடும். நகைக் கடையில் நகை மின்னும். காலி அறை ஒன்றுதான் வாயைத் திறக்காது. காட்டுகிறவர்தான் அதற்கும் சேர்த்துப் பேச வேண்டும். என்னைப் போல வாயை வீட்டில் வைத்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்த சகோதரிகள் யாராவது இருந்தால், அவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் பி.ஏ. முடித்துவிட்டு, அனகாபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸும் ரயிலும் பஸ்ஸுமாக சேலையூருக்கு வேலைக்குப் போய்வந்தேன். கேம்ப் ரோடை ஒட்டி, தன் பரம்பரை நிலத்தில் ஏகாம்பரம் சார் புதிதாகக் கட்டியிருந்த மகளிர் விடுதி. கல்லூரி திறக்கும் சமயம். வருகிற பெற்றோருக்கும் பெண்களுக்கும் அறைகளைக் காட்டி, சேர்க்க வேண்டியது என் வேலை.

ஏகாம்பரம் சார் அதுவரை நெல்தான் பயிரிட்டவர். வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னிடம் சொல்லிவிட்டார்: "நாத்து நட்டா வயலு பூரா பச்சையாத் தெரியணும்மா. ஒரு மூலை சொட்டையா இருந்தா எனக்குச் சோறு எறங்காது. ஆடி முடியறதுக்குள்ள எல்லாக் கட்டிலும் ரொம்பணும். ஒரு கட்டில் காலியா கீதுன்னாலும், ஆவணி மொத முகூர்த்தத்துல இது கல்யாண மண்டபம்." அதை மனதில் வைத்தேதான் அவர் கட்டியிருந்தார் என்பது உள்ளே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் அம்மாவின் கணக்கும் அதே ஆவணிதான். எனக்குத் தபால் வழியில் எம்.ஏ. படிக்க ஆசை. "வேலை இருக்கிற வரைக்கும் படி. வேலை போச்சுன்னா ஜாதகத்தை வெளிய எடுத்துடுவேன்" என்று அம்மா தீர்ப்பு சொல்லியிருந்தாள். அப்பா வழக்கம்போல "உங்கம்மா சொல்றதுதான்" என்று பேப்பருக்குள் போய்விட்டார். ஆக, ஆடிக்குள் விடுதி நிரம்பாவிட்டால் கட்டடத்துக்கும் எனக்கும் ஒரே கதி.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் தடத்தில் அவளுடைய மஞ்சள் ஒயர் கூடையை அறியாத கண்டக்டர் இல்லை. பஸ் நிற்பதற்கு முன்பே அது ஜன்னல் வழியாக உள்ளே போய் ஒரு சீட்டில் உட்கார்ந்துவிடும். அம்மா பின்னால் சாவகாசமாக ஏறி வருவாள். நான் எல்லோரையும் ஏறவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறவள். ஏகாம்பரம் சாரின் நிபந்தனையைச் சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பஸ்ல ஒரு கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கத் தெரியலை, நீ போய் ஹாஸ்டலை ரொப்பப் போறியா? மண்டபமாவே ஆகட்டும்டி. மொத கல்யாணம் உன்னோடதா இருந்தா, தெரிஞ்ச மனுஷன், வாடகை பார்த்துப் போட்டுக்குவாரு."

சிமெண்ட் வாழை

"இது ஹாஸ்டலுக்குன்னே கட்டின கட்டடம்." வருகிறவர்களிடம் வாசலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஏகாம்பரம் சாரின் உத்தரவு. பெருமைக்குக் காரணமும் இருந்தது. அப்போது தாம்பரம் பக்கத்தில் லேடீஸ் ஹாஸ்டல் என்றால், யாரோ ஒருவர் குடியிருந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து, கூடத்தில் நாலு கட்டில், சமையலறையை ஒட்டி ரெண்டு கட்டில், கார் ஷெட்டில் இன்னும் ரெண்டு என்று போட்டிருப்பார்கள். எங்களுடையதில் ஒவ்வோர் அறைக்கும் அலமாரி உண்டு, குளியலறைகள் வரிசையாக உண்டு, மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி உண்டு.

என்ன, அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்து உள்ளே காலை வைத்ததும் முதலில் வருவது சாப்பாட்டுக் கூடம். கூடத்தின் கோடியில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை. மேடையின் இரண்டு பக்கமும் சிமெண்டில் செய்த வாழை மரங்கள், குலையோடு, பச்சை பெயிண்ட் அடித்து. திண்டிவனத்திலிருந்து பெண்ணை அழைத்துக்கொண்டு வந்த ஒரு தகப்பனார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆண்டு விழா நடத்துறதுக்கு" என்று சொல்லச் சொல்லி எனக்குப் பாடம் ஏற்றியிருந்தார்கள். அது வாயில் வரவில்லை. நான் வாழை மரத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"படிப்பு முடிஞ்சதும் இங்கேயே முடிச்சுக் குடுத்துடுவீங்களாம்மா?"

ஆறுதல்

புது ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கிவிடும். அழுகை இல்லை. கூச்சம்தான். சிலருக்கு உள்ளங்கை வேர்ப்பது மாதிரி எனக்குக் கண்.

செங்கல்பட்டிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கு மாடி அறைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். பேசினால் குரல் நடுங்கும் என்று, கதவைத் திறப்பது, ஃபேனைப் போடுவது, அலமாரியை இழுத்துக் காட்டுவது என்று எல்லாவற்றையும் ஊமைப் படம் போலவே செய்தேன். அந்த அம்மாள் கூட வந்த தன் மகளையும் விட்டுவிட்டு என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். கடைசி அறையில் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, பையிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்து என் கையில் வைத்தார். நானும் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு அதைத் தின்றுவிட்டேன்.

"அழாதே கண்ணு. புதுசுல எல்லாருக்கும் வீட்டு ஞாபகம் வரும். ஆமா, இங்கே ரூம் காட்டுற மேடம் எங்கே?"

ரோஸி அக்காவின் ஒத்திகை

எங்கள் சமையல்காரர் ரோஸி அக்கா விடுதியிலேயே தங்கியிருந்தார். நான் படுகிற பாட்டைச் சமையலறைக் கதவிலிருந்து தினமும் பார்த்து, ஒருநாள் பொறுக்க முடியாமல் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"இன்னாம்மா நீ, ஆளுங்க வந்தா பேயறைஞ்சா மாரி நிக்கிற? நான் இப்ப பொண்ணைப் பெத்தவ. வெளியேர்ந்து வர்றேன். நீ ஜம்முனு பேசு."

நிஜமாகவே வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நான் அதுவரை கேட்டறியாத ஒரு பெரிய மனுஷிக் குரலில், தண்ணி எப்படி, அக்கம்பக்கம் எப்படி, வாட்ச்மேன் குடிப்பானா என்று அடுக்கினார். தெரிந்த முகம் என்பதால் எனக்கும் கொஞ்சம் பேச்சு வந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சொன்னேன். அலமாரியைச் சொன்னேன். உற்சாகத்தில், "சாப்பாடும் இங்கேயே செய்றதுதாங்க, நல்லா இருக்கும்" என்றேன். ரோஸி அக்கா தன் சமையலறைப் பக்கம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். புகை பிடித்த சுவரைப் பார்த்தார். முகம் சுளித்தார். வேஷத்தில் அவ்வளவு தூரம் ஊறிவிட்டார்.

"வாணாம்மா, நாங்க வேற எடம் பார்த்துக்குறோம். யார் கையி எப்பிடியோ, எம்பொண்ணு வயிறு தாங்காது."

வராத ஏரோப்ளேன்

எனக்கு இன்னொரு வியாதி, குறையை முதலில் சொல்லிவிடுவது. நல்லதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். அதுவாகத் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிடுவேன். கெட்டதை மட்டும் மறைத்துவிட்டோம் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதே!

பக்கத்தில் விமானப்படைத் தளம். பகலில் சில நேரம் தலைக்கு மேலேயே விமானம் போகும். ஜன்னல் கதவெல்லாம் ஒரு தடவை சிலிர்த்து அடங்கும். செய்யாறு பக்கத்து கிராமத்திலிருந்து மகளோடு வந்த ஒரு பெரியவரிடம், உட்காரச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டேன். "ஏரோப்ளேன் சத்தம் ரொம்பக் கேக்குங்க." அவர் முகம் மாறியது. போச்சு, இந்தக் கட்டிலும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் துண்டை உதறிப் போட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அறையைப் பார்க்க வரவில்லை. மகள் மட்டும் என்னோடு வந்து பார்த்தாள். திரும்பி வந்தபோதும் அவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோஸி அக்கா கொடுத்த காபியையும் அண்ணாந்த வாக்கிலேயே குடித்தார். அன்றைக்கென்று ஒரு விமானம்கூட வரவில்லை. வெயில் சாயவும், மனசில்லாமல் எழுந்தார். மகளைச் சேர்த்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்:

"கண்டிப்பா வரும்னு சொன்னியேம்மா. நாளைக்குக் காலைல வந்தா பார்க்கலாமா?"

மறுநாள் வந்தார். விமானமும் வந்தது. மகளைச் சேர்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு மாதம் ஒருமுறை மகளைப் பார்க்கிற சாக்கில் வந்து, அந்த மாடிப்படியில்தான் உட்காருவார்.

கண்ணாடி

கீழ்த்தளத்தில் கூடத்தை ஒட்டி, எதிரெதிராக இரண்டு பெரிய அறைகள். மற்ற எல்லா அறைகளையும் ஏகாம்பரம் சார் படிக்கிற பெண்களை நினைத்துக் கட்டினார். இந்த இரண்டை மட்டும் ஆவணியை நினைத்து. ஒன்றில் சுவர் முழுக்கக் கண்ணாடி. அலங்காரம் செய்துகொள்ள ஏதுவாக அதன் மேலே வரிசையாக பல்புகள். அறை எதற்காகக் கட்டப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த அறை என்னைக் கைவிடவில்லை. பெற்றோர் வந்தால் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பார்கள், காம்பவுண்டு சுவரின் உயரத்தைக் கண்ணால் அளப்பார்கள். பெண்கள் அந்தக் கண்ணாடியை ஒரு தடவை பார்ப்பார்கள். அத்துடன் அவர்கள் பார்த்து முடித்தாகிவிட்டது. அப்பாக்கள் இன்னும் மூன்று ஹாஸ்டல் பார்க்கலாம் என்று இழுப்பார்கள். மகள்கள் நகர மாட்டார்கள். நான் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் நிரம்பிய அறை அது ஒன்றுதான். நிரம்பிய பிறகும் ஆள் வந்துகொண்டே இருந்தது. நர்ஸிங் படிக்க வந்த ஒரு பெண், தன் முதுகுப் பின்னலைக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டில் இல்லேன்னா என்னக்கா, நான் கீழே படுத்துக்கறேன். தலைமாடு மட்டும் இந்தப் பக்கம் இருந்தா போதும்."

கால்மிதி

எதிர் அறைதான் எனக்கு வந்த சோதனை. காற்றோட்டமான அறை. கட்டில்கள் புதுசு. ஆனால் வாசற்படியில், சிவப்பு மொசைக் சில்லுகளைப் பதித்து, தரையோடு தரையாக ஒரு வார்த்தையை எழுதிவைத்திருந்தார்கள்: மணமகன். கொத்தனாரை அழைத்துக் கொத்தி எடுத்துவிடலாமே என்று நான் மென்று விழுங்கிக் கேட்டதற்கு, "ஆவணிக்கு வேண்டியிருந்தா திரும்ப யாரு பதிக்கிறது?" என்று ஏகாம்பரம் சார் மறுத்துவிட்டார். பதிலாக ஒரு பெரிய தேங்காய் நார் கால்மிதியை வாங்கி அதன்மேல் போட்டார். என் தொழில் வாழ்க்கை முழுவதும் அந்தக் கால்மிதியின் மேல்தான் நின்றது. யாரையாவது அந்த அறைக்குள் அழைத்துப் போனால், நானே முதலில் போய் அதன்மேல் ஏறி நின்றுகொள்வேன். வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஒருநாள் மிகவும் சுத்தமான ஒரு தகப்பனார் வந்துவிட்டார். பாங்க்கில் அதிகாரி. வீட்டுக்குள் நுழைவது போலச் செருப்பை வாசலில் விட்டு, ஒவ்வோர் அறை வாசலிலும் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். அவர் வருவதைப் பார்த்து நான் மரியாதைக்கு ஒதுங்கியதுதான் தப்பு. கால்மிதியில் ஏறி நின்று, வலது காலை ஒரு தேய், இடது காலை ஒரு தேய். புது மொசைக் வழவழவென்று இருந்தது. மூன்றாவது தேய்ப்பில் கால்மிதி அவரை விட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டது. கதவைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டவர், தன் காலடியில் எழுதியிருந்ததைப் படித்தார். உள்ளே கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். ஹாஸ்டலுக்குன்னே கட்டினது என்று நான் ஆரம்பித்தேன். எனக்கே அது கேட்கவில்லை.

"மாலா, எழுந்து வாம்மா. அந்த ரூம் ஏற்கெனவே யாருக்கோ ஆயிருக்கு."

பந்தி

இப்படியாக ஆடியும் பாதி போனது. மற்ற அறைகள் எப்படியோ நிரம்பிக்கொண்டு வந்தன. என் சாமர்த்தியம் இல்லை; கல்லூரி திறந்துவிட்டது, வேறு இடம் கிடைக்காதவர்கள் வந்தார்கள். மணமகன் அறையிலும் கால்மிதிக்கு ரோஸி அக்கா நான்கு மூலையிலும் ஆணி அடித்த பிறகு ஆள் சேர்ந்தது. ஏகாம்பரம் சார் மட்டும் இரண்டு கால்களையும் இரண்டு படகில் வைத்திருந்தார். விடுதி நிரம்புகிறதா என்று ஒரு கண். ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்று இன்னொரு கண். ஒருநாள் மதியம், ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையின் பெரியப்பாவை, மண்டபம் பார்ப்பதற்கென்று அழைத்துக்கொண்டு வந்து, என்னிடமே காட்டச் சொன்னார். அவர்கள் பக்கத்தில் கல்யாணச் செலவு மாப்பிள்ளை வீட்டாருடையது.

ஞாயிற்றுக்கிழமை. எல்லாப் பெண்களும் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரோஸி அக்கா வாளியும் கரண்டியுமாக வரிசையாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டு போனார். மேடையில் ஒரு வாழைக்கும் இன்னொரு வாழைக்கும் நடுவே கொடி கட்டி, பாவாடைகளும் தாவணிகளும் காய்ந்தன. வெளியே மழை, வேறு எங்கே காயப்போடுவது? பெரியப்பா வாசலிலேயே நின்று தலைகளை எண்ணினார். அவர் வருவதைப் பார்த்த ரோஸி அக்கா, எதற்காக வந்தவர் என்று தெரியாமல், வழக்கமான உபசாரத்தில் "உக்காருங்கண்ணா, ஒரு வாய் சாப்புடுங்க" என்று தட்டைப் போட்டுவிட்டார். அவரும் சாப்பிட்டார். ரசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டார். கை கழுவ எழுந்துபோகும்போது ஏகாம்பரம் சாரைத் தனியாக இழுத்தார்.

"இன்னாப்பா ஏகாம்பரம், பொண்ணு வூட்டு ஆளுங்களே இத்தினி பேரா? இவங்களுக்குச் சோறு போட்டே என் தம்பி ஆண்டியாயிடுவான்."

கடைசிக் கட்டில்

ஆடியின் கடைசி வாரம் ஒரே ஒரு கட்டில் மிச்சம் இருந்தது. மணமகன் அறையில், ஜன்னலோரம். யாருக்குக் காட்டினாலும் ஏதோ ஒன்று தட்டிப்போனது. நான்தான் இருக்கிறேனே, கட்டிலின் ஒரு கால் லேசாக ஆடும் என்பதை வந்தவர்கள் கண்டுபிடிக்கும் வரைகூடக் காத்திருக்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏகாம்பரம் சார் ஒன்றும் திட்டவில்லை. அந்த அறைக்கு வந்து காலிக் கட்டிலைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், போவார். நட்ட வயலில் ஒரு மூலை. பிறகு ஒருநாள் வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருப்பதாகச் சொன்னார். படிக்கிற பெண்களுக்கு மாதம் முடியும் வரை அவகாசம் கொடுப்பாராம். ரோஸி அக்கா மண்டபத்துக்குச் சமைக்க மாட்டேன் என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்து, களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தார். நான் வீட்டில் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கு நானே வந்து மண்டபத்தைப் பார்க்கிறேன்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். கையில் மஞ்சள் ஒயர் கூடை. அதில் என் ஜாதகம் இருந்தது என்று எனக்குத் தெரியும். காலையில் மஞ்சள் தடவி வைத்ததைப் பார்த்திருந்தேன். ஏகாம்பரம் சார் எழுந்து கும்பிட்டார். "வாங்கம்மா, வாங்க. மண்டபத்தைத் தாராளமாப் பாருங்க. வசந்தி, அம்மாவுக்குக் காட்டும்மா" என்று என்னையே அனுப்பினார். என் கல்யாண மண்டபத்தை என் அம்மாவுக்கு நானே சுற்றிக் காட்ட வேண்டிய நிலைமை இந்தத் தொழிலில் வேறு யாருக்காவது வந்திருக்குமா, தெரியவில்லை.

வாசலில் நின்றதும் வாய் தானாக, "இது ஹாஸ்டலுக்குன்னே கட்டின கட்டடம்" என்றது. திருத்திக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. வேறு பாடம் எனக்குத் தெரியாதே! "இது மேடை. இங்கே ரெண்டு ட்யூப்லைட் இருக்கு, அதனால பரீட்சை சமயத்துல எல்லாரும் இங்கேதான் உட்காருவாங்க. அந்த வாழைக் குலையில ஒரு காய் உடைஞ்சிருக்கே, அது சுமதி ஸ்கிப்பிங் ஆடினது. இந்தக் குழாய்ல தண்ணி நல்லா வரும், அதுல வராது, அந்தக் கடைசிக் குழாயை மட்டும் தட்டினா வரும்." நடுவில் ஒரு பெண் ஓடிவந்து, "அக்கா, மோட்டார் போடலாமா?" என்றாள். போடச் சொன்னேன். கண்ணாடி அறையிலிருந்து, "அக்கா, இவ காலையிலேருந்து நகர மாட்டேங்கறா" என்று ஒரு கூச்சல். அங்கிருந்த இருவரையும் அதட்டினேன். மாடிப்படியில், ஏரோப்ளேன் பெரியவர் உட்காருகிற இடத்தைக் காட்டினேன். எதையும் விடவில்லை. அம்மா கூடையோடு பின்னாலேயே வந்தாள்.

மணமகன் அறைக்கு வந்தோம். "இந்தக் கட்டில் ஆடும்மா. ஒரு அட்டையை மடிச்சு வெச்சா நின்னுடும். ப்ளேன் சத்தம் கேக்கும், கொஞ்ச நாள்ல பழகிடும். மத்தியானத்துக்கு மேல இந்தப் பக்கம் வெயில் வராது. ஜன்னல்ல காலை நீட்டிட்டுப் படிக்கலாம். யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. ராத்திரி எத்தனை நேரம் வேணும்னாலும் லைட் எரியலாம், சார் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ தெரியாதவர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது போல் இருந்தது அந்தப் பார்வை.

"இவ்ளோ பேசுவியாடி நீ?"

ஊருக்கெல்லாம் அறை காட்டி வாயடைத்து நின்ற நான், அறை கேட்டே வராத ஒருத்தியிடம்தான் ஒருவழியாகத் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஏகாம்பரம் சாரின் நிழல் விழுந்தது. கால்மிதியின் மேல் நின்றுகொண்டிருந்தார். "இன்னாம்மா, எடம் புடிச்சிருக்கா? ஆவணி மொத முகூர்த்தம் உங்களுக்கே எழுதிக்கலாமா?" என்றார்.

அம்மா எழுந்து, கையிலிருந்த ஒயர் கூடையை, பஸ்ஸில் இடம் பிடிப்பது போல, அந்தக் கட்டிலின் நடுவில் வைத்தாள்.